முதலில் சிரிக்காத பெண்

எரிகா சிரிக்கிறாள். ஆனால் முதலில் சிரிப்பதில்லை. எதிரில் இருப்பவர் சிரித்த பிறகுதான் சிரிக்கிறாள். அதிலும் எல்லாச் சிரிப்புக்கும் பதில் சிரிப்பு கிடையாது. எதற்குச் சிரிக்க வேண்டும், எதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் சிரிக்கிறாள். எரிகா ஜப்பானில் செய்யப்பட்ட பெண்ணுருவ இயந்திரம். 23 வயதுப் பெண்ணின் முகமும் குரலும் அவளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவளுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்த விதத்தைப் பற்றி கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 செப்டம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல நாட்டுப் பத்திரிகைகள் அதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. நானும் வேடிக்கையாகத்தான் வாசிக்கத் தொடங்கினேன்.

'அவள்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன். இலக்கணப்படி இயந்திரம் அஃறிணை, 'அது' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் செய்தவர்களே பெயர், முகம், வயது, குரல் எல்லாம் கொடுத்து, அவளை உயர்திணைப் பெண்பாலாக்கித்தான் நம் முன் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்பால் எதற்குத் தேவைப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

பேச்சில் சொற்கள் ஒரு பகுதிதான். மீதியை முகமும் மூச்சும் பார்த்துக்கொள்கின்றன. தலையசைப்பு, கண் பார்வை, குரலின் ஏற்ற இறக்கம், இடையில் விடும் மௌனம், பெருமூச்சு, சிரிப்பு, 'ம்', 'ப்ச்' எல்லாம் சேர்ந்துதான் உரையாடல். கேட்பவர் இடையிடையே எழுப்பும் இந்தச் சின்ன ஒலிகளுக்கு 1970இல் விக்டர் இங்வே என்ற அமெரிக்க மொழியியலாளர் ஆங்கிலத்தில் ஒரு கலைச்சொல்லை உருவாக்கினார். நமக்குப் புதுச் சொல் தேவைப்படவில்லை. ம் கொட்டுதல் என்று நம் பாட்டிகளே சொல்லிவிட்டார்கள். கதை சொல்லும் பாட்டி, 'ம்' வராவிட்டால் "தூங்கிட்டியா?" என்று நிறுத்திவிடுவாள். கதையைச் சொல்பவள் அவள்தான் என்றாலும், அதை நகர்த்துவது கேட்கும் குழந்தையின் 'ம்'.

சொற்களை நன்றாகப் புரிந்துகொள்ளும் இயந்திரமும் இந்த 'ம்' இல்லாததால் மனிதரோடு பேசத் தடுமாறுகிறது என்று பொறியாளர்கள் கண்டுகொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. எங்கே தலையாட்டுவது, எப்போது வாயெடுப்பது, எதற்குச் சிரிப்பது என்று இயந்திரத்துக்குக் கற்றுத்தர ஒரு துறையே உழைத்துக்கொண்டிருக்கிறது. எரிகாவின் சிரிப்பு அந்த உழைப்பில் ஒரு படி.

கற்றுக்கொடுக்க உதாரணங்கள் வேண்டும். கியோட்டோ ஆய்வாளர்கள் 80க்கும் மேற்பட்ட உரையாடல்களைப் பதிவு செய்தார்கள். 'ஸ்பீட் டேட்டிங்' என்று சொல்கிறார்களே, முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் சில நிமிடம் பேசித் துணை தேடும் சந்திப்பு, அந்த அமைப்பில் நடந்த உரையாடல்கள் அவை. ஒரு பக்கம் ஆண் கல்லூரி மாணவர்கள். எதிர்ப்பக்கம் எரிகா. அப்போது எரிகாவுக்குச் சொந்தமாகப் பேசத் தெரியாது. தொழில்முறை அல்லாத நான்கு நடிகைகள் மறைவில் இருந்துகொண்டு அவளை இயக்கினார்கள். அந்தப் பதிவுகளில் இருந்த சிரிப்புகளை ஆய்வாளர்கள் வகை பிரித்தார்கள். தனக்குத் தானே சிரிப்பது ஒன்று. நகைச்சுவைக்கு மனம்விட்டுச் சிரிப்பது ஒன்று. நகைச்சுவை ஏதும் இல்லாதபோது மரியாதைக்காகவோ சங்கடத்தை மறைக்கவோ சிரிப்பது இன்னொன்று. இவற்றிலிருந்து இயந்திரம் மூன்று படிகளைக் கற்றது: எதிராளி சிரித்தாரா என்று கண்டுபிடிப்பது, கூடவே சிரிக்க வேண்டுமா என்று முடிவு செய்வது, சிரிப்பதானால் மனம்விட்டா மரியாதைக்கா என்று தேர்ந்தெடுப்பது. பிறகு 130க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறு உரையாடல்களைப் போட்டுக்காட்டினார்கள். சிரிக்கவே சிரிக்காத எரிகாவையும் எல்லாவற்றுக்கும் மரியாதைச் சிரிப்புச் சிரிக்கும் எரிகாவையும்விட, கணக்குப் பார்த்துச் சிரிக்கும் எரிகாவே பிடித்திருக்கிறது என்றார்கள் கேட்டவர்கள். அவள்தான் இயல்பாக இருக்கிறாள், அவளுக்குத்தான் புரிகிறது.

பொறியியலாகப் பார்த்தால் நேர்மையான வேலை. மரியாதைச் சிரிப்பு என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதைக் கண்டு அதற்குப் பெயர் வைத்தார்கள். பல ஆண்கள் ஆயுள் முழுக்கக் கவனிக்காத விஷயம் அது. ஆனால் அந்தச் சிரிப்பு ஏன் இருக்கிறது, அந்த இருக்கையில் உட்கார்ந்த பெண் அதை எங்கே கற்றாள் என்ற கேள்வி அவர்கள் கணக்கில் இல்லை. பெண்களாகிய நமக்கு அது தெரியும். அலுவலகத்தில் மேலாளரின் நான்காம்தரத் துணுக்குக்குச் சிரித்திருக்கிறோம். பெண் பார்க்க வந்த வீட்டு மாமா அடித்த ஜோக்குக்குக் காப்பித் தட்டோடு நின்று சிரித்திருக்கிறோம். ஆட்டோவில் ஓட்டுநர் கேட்ட வேண்டாத கேள்விக்கு, வீடு வரும்வரை பாதுகாப்பாக இருக்க வேண்டுமே என்று சிரித்து மழுப்பியிருக்கிறோம். அதேநேரம், பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு என்ற பழமொழியையும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விதி தெளிவாகிவிடும்: நீயாகச் சிரிக்காதே, அவர் சிரித்தால் சிரி. எரிகாவின் மூன்று படிகளும் இதுதான். ஜப்பானிய ஆய்வாளர்கள் நம் பழமொழியைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவர்கள் பதிவுசெய்த மேசையிலும் இதே விதி எழுதப்படாமல் இருந்திருக்கிறது.

இதை நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் 1978இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பமேலா ஃபிஷ்மன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் மூன்று தம்பதிகளின் வீடுகளில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து 52 மணி நேரப் பேச்சைப் பதிவு செய்தார். அந்த மூன்று ஆண்களும் பெண்கள் இயக்கத்துக்கு ஆதரவானவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். எழுத்தில் பெயர்த்து ஆராய்ந்த பகுதியில் 76 பேச்சுப் பொருள்கள் எழுந்தன. பெண்கள் எடுத்தவை 47, அவற்றில் உரையாடலாக வளர்ந்தவை 17. ஆண்கள் எடுத்தவை 29, அவற்றில் வளர்ந்தவை 28. வித்தியாசம் எங்கே என்று தேடிய ஃபிஷ்மனுக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று 'ம்'. கணவன் பேசும்போது மனைவி அவன் மூச்சு வாங்கும் இடைவெளியில் எல்லாம் 'ம்' போட்டு, கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்று பேச்சை வளர்க்கிறாள். மனைவி நீளமாகப் பேசி முடித்த பின் கணவன் தாமதமாக ஒரு 'ம்' போடுகிறான். பேச்சு அங்கேயே செத்துவிடுகிறது. ஒரே ஒலிதான். ஒன்று நீர் ஊற்றுகிறது, மற்றது அணைக்கிறது. இந்த வேலையைப் பெண்கள் செய்கிறார்கள் என்பதோடு, அது வேலை என்றே யாருக்கும் தெரிவதில்லை, அது பெண்ணின் இயல்பு என்று எண்ணிவிடுகிறார்கள் என்று ஃபிஷ்மன் எழுதினார். ஐந்து ஆண்டுகள் கழித்து ஆர்லி ஹோக்ஷில்ட், விமானப் பணிப்பெண்களின் புன்னகை சம்பளத்துக்கு விற்கப்படும் உழைப்பு என்று காட்டியபோது அந்த வேலைக்கு 'உணர்வு உழைப்பு' என்ற பெயரும் நிலைத்தது.

'ம்' போடும் இயந்திரத்தை உலகம் பெரிய மேடையில் கேட்டது 2018 மே மாதத்தில். கூகுள் நிறுவனத்தின் ஆண்டு மாநாட்டில் சுந்தர் பிச்சை இரண்டு தொலைபேசி உரையாடல்களைப் போட்டுக்காட்டினார். முதலாவதில் பெண் குரலில் பேசும் மென்பொருள் ஒரு சிகை அலங்கார நிலையத்தை அழைத்து ஒரு பெண்ணுக்கு முடிவெட்ட நேரம் கேட்கிறது. எடுத்த பெண் ஊழியர் ஒரு நொடி இருக்கச் சொல்லிவிட்டுப் பதிவேட்டைப் பார்க்கிறார். மென்பொருள் இழுத்து ஒரு 'ம்ம்' போடுகிறது. அரங்கம் சிரித்துக் கைதட்டியது.

அந்தப் பதிவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முதலில் எனக்கும் அந்த 'ம்ம்' அசாத்தியமாகத்தான் இருந்தது. பிறகு அந்த ஊழியரைப் பற்றி யோசித்தேன். தன்னோடு பேசுவது மென்பொருள் என்று அவருக்குத் தெரியாது. பொறுமையாக நேரம் பார்த்துச் சொல்கிறார், நாகரிகமாகப் பேசுகிறார். அவர் செய்த கேட்கும் வேலை உண்மை. பதிலுக்குக் கிடைத்தது ஒலி மட்டும். அரங்கம் சிரித்தது மென்பொருளின் சாமர்த்தியத்துக்கு. ஆனால் அந்தச் சாமர்த்தியத்தின் அளவுகோல் அவர் ஏமாந்ததுதான். எதிர்ப்பு எழுந்த பிறகு, பேசுவது மென்பொருள் என்று முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாட்டைச் செய்வதாக நிறுவனம் சொன்னது. 'ம்' என்றால் நான் இங்கே இருக்கிறேன் என்று பொருள். இருக்க ஆளில்லாத இடத்திலிருந்து வரும் 'ம்'மை முதலில் சோதித்துப் பார்த்தது ஒரு சேவைத் தொழிலில் இருக்கும் பெண்ணிடம் என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

பின்னோக்கிப் பார்த்தால் வரிசை நீளமானது. 1966இல் ஜோசப் வெய்சன்பாம் எழுதிய உரையாடல் நிரலின் பெயர் எலைசா. பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில், பேராசிரியர் ஒருவர் பேச்சுப் பழக்கி 'சீமாட்டி'யாக்கும் பூக்காரப் பெண்ணின் பெயர் அது. நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பி, மேலே சொல்லுங்கள் என்று ஊக்குவிப்பதுதான் அந்த நிரலின் வேலை. எழுத்தில் போட்ட 'ம்' என்று சொல்லலாம். 1999இல் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஜஸ்டின் காசெல் குழுவினர் திரையில் ஆளுயரத்துக்கு உருவாக்கிய ரியா, வீடு விற்கும் முகவர். எதிரில் நிற்பவர் கையை அசைத்தால் அவர் பேச விரும்புகிறார் என்று கண்டு பேச்சை நிறுத்தி வழிவிடுவாள். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ராணுவ ஆய்வு நிதியில் உருவான எல்லி, போரிலிருந்து திரும்பியவர்களின் மனச்சோர்வை அறியப் பேட்டி காண்பவள். தலையாட்டி 'ம்' சொல்வாள். 2024 மேயில் ஓப்பன்ஏஐ காட்டிய புதிய குரலும் பெண்ணுடையதுதான். கொஞ்சிச் சிரித்தது. முந்தைய குரல் வடிவங்கள் பதில் சொல்ல மூன்று முதல் ஐந்து விநாடி எடுத்துக்கொண்டன. இது சராசரியாக 0.32 விநாடியில் சொன்னது. அந்தக் குரல் தன் குரலைப் போலிருக்கிறது என்று நடிகை ஸ்கார்லெட் ஜொஹான்சன் எதிர்ப்புத் தெரிவித்ததும், அது அவருடையதல்ல என்று சொல்லி நிறுவனம் அதை நிறுத்திவைத்தது. கேட்கவும் வழிவிடவும் சிரிக்கவும் கற்ற இயந்திரங்களில் இத்தனை பெண்கள்.

இதுவரை சொன்னது இயந்திரம் தரும் குறிப்புகளைப் பற்றி. அது நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும் குறிப்புகளின் கதை வேறு. என் அம்மா ஒருநாள் ஒரு சேவையில் புகார் சொல்லத் தொலைபேசியில் அழைத்தார். இனிமையான பெண் குரல், உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள் என்றது. அம்மா, "அது வந்து..." என்று தொடங்கி நிறுத்தினார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கும் நிறுத்தம். அதற்குள் அந்தக் குரல், மன்னிக்கவும், புரியவில்லை என்றது. மறுபடி "இல்லம்மா, போன வாரம்..." என்றார். மறுபடி மன்னிப்பு. மூன்றாம் முறை அம்மா 'ப்ச்' என்று உச்சுக்கொட்டினார். அதுவும் அதற்குப் புரியவில்லை. போனை என்னிடம் நீட்டி, "நீயே பேசு. நான் யோசிக்கிறதுக்குள்ள அதுக்கு என்ன அவசரம்?" என்றார்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட பல கருவிகள் நம் பேச்சு முடிந்ததா என்பதை மௌனத்தின் நீளத்தை வைத்து முடிவு செய்கின்றன. அரை விநாடியை ஒட்டி ஓர் எல்லை வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் முறை முடிந்தது. 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் சராசரியாக 0.2 விநாடிதான் இடைவெளி என்றும், ஜப்பானிய மொழியில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை, டேனிஷ் மொழியில் அரை விநாடியை நெருங்குகிறது என்றும் கண்டது. அந்தப் பத்தில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. ஒரு மொழிக்குள்ளேயே யார் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. பேசும்போதெல்லாம் குறுக்கிடப்பட்டுப் பழகியவர்கள், சொல்லலாமா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டு பேசுபவர்கள், புகார் சொல்வதே அதிகப்பிரசங்கித்தனம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நிறுத்தித்தான் பேசுவார்கள். இயந்திரம் அந்த நிறுத்தத்தை முற்றுப்புள்ளி என்று வாசிக்கிறது. வீட்டில் பேசி முடிக்க விடாதவர்களின் வரிசையில் அதுவும் சேர்ந்துகொள்கிறது.

மௌனம் சம்மதம் என்ற வழக்கை உடைக்கப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'ம்' என்பதும் சம்மதம் அல்ல என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கேட்டேன் என்பதற்கும் 'ம்', போதும் என்பதற்கும் 'ம்', பயத்துக்கும் 'ம்', அப்புறம் பார்க்கலாம் என்பதற்கும் 'ம்'. இதே நேரத்தில், முகத்தையும் குரலையும் வைத்து மனதை வாசித்துவிடுவோம் என்று விற்கப்படும் மென்பொருள்கள் பெருகுகின்றன. புன்னகை என்றால் மகிழ்ச்சி, சுருங்கிய புருவம் என்றால் கோபம் என்பது அவற்றின் பாலபாடம். லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் மற்ற உளவியலாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வெளியிட்ட மதிப்பாய்வு, மனிதர்கள் கோபத்தில் இருக்கும்போது சராசரியாக 30 விழுக்காட்டுக்கும் குறைவாகவே முகம் சுளிக்கிறார்கள் என்றது. ஆட்டோவில் சிரித்து மழுப்பிய பெண்ணை அந்த மென்பொருள் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்றுதான் எழுதும். வேலையிடத்திலும் கல்வி நிலையத்திலும் உணர்ச்சியை ஊகிக்கும் மென்பொருளை ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்களித்து, 2025 பிப்ரவரி முதல் தடைசெய்திருக்கிறது.

அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் அழைப்பு மையத்தில் நடப்பதாக 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய ஒன்றை வாசித்தபோது வட்டம் முழுமையானதாகப் பட்டது. ஊழியர் பேசும்போது மென்பொருள் அவர் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சோர்வாகத் தெரிந்தால் திரையில் காப்பிக் கோப்பை படம் வருகிறது. பரிவு போதவில்லை என்றால் இதயப் படம் வருகிறது. பரிவாகக் கேட்கும் வேலையை மனிதர்களிடமிருந்து கற்ற இயந்திரம், இப்போது மனிதரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பரிவு காட்டு என்கிறது.

ஆக, இயந்திரம் 'ம்' சொல்லவே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் கண் தெரியாத பெண்ணுக்கும் குரல்தான் வழி. அங்கே இயந்திரம் காத்திருக்கவும் தன் காத்திருப்பைத் தெரிவிக்கவும் கற்றால் அது பெரிய உதவி. எல்லியை வைத்து 2014இல் வந்த ஆய்வு ஒன்று என்னை யோசிக்க வைத்தது. பேட்டி காண்பது தானாக இயங்கும் கணினி என்று நம்பியவர்கள், பின்னால் ஆள் இருப்பதாக நம்பியவர்களைவிடத் தயக்கமின்றித் தங்கள் துயரத்தை வெளிக்காட்டினார்கள். வெட்கமும் பயமும் மனிதர் முன்னால்தானே வருகின்றன? அடி வாங்கியதை அம்மாவிடம்கூடச் சொல்ல முடியாதவள், நடு இரவில் ஒரு குரலிடம் சொல்லக்கூடும். அந்த வாசலை மூடச் சொல்ல நான் யார்? ஆனால் எல்லியிடம் ஒரு நேர்மை இருந்தது என்பதைக் கவனியுங்கள். தான் கணினி என்பதை மறைக்காததால்தான் அந்தப் பேச்சு வந்தது. மனிதக் குரல் போல நடித்து வாங்கியது அல்ல.

அதனால் என் கோரிக்கைகள் எளிமையானவை. இயந்திரம் தான் இயந்திரம் என்று சொல்லிவிட்டு 'ம்' போடட்டும். நாம் நிறுத்தினால் காத்திருக்கட்டும், எவ்வளவு நேரம் என்பதைப் பேசுபவர் தீர்மானிக்கட்டும். நம் 'ம்'மைச் சம்மதமாகப் பதிவு செய்யாமல், வேண்டுமா வேண்டாமா என்று சொல்லில் கேட்கட்டும். நம் முகத்தைப் பார்த்து மனதை எழுதி யாருக்கும் அனுப்பாமல் இருக்கட்டும். சேவை செய்ய, சிரிக்க, வழிவிட என்றாலே பெண் குரல் என்ற வழக்கத்தை விடட்டும். 2019இல் யுனெஸ்கோவும் ஓர் அறிக்கையில் இதைத்தான் சொன்னது. வசைச்சொல் ஒன்றால் திட்டியபோது சிரி என்ற குரல் உதவியாளர், முடிந்தால் வெட்கப்படுவேன் என்று பதில் சொன்னதையே அந்த அறிக்கை தனக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டது.

மாணவிகளுக்கு ஒரு வேலையும் சொல்கிறேன். கல்லூரியில் இந்தத் துறையைப் படிக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். நாளைக்கு நீங்களும் பயிற்சிக்கு உரையாடல்களைச் சேகரிப்பீர்கள். யார் யாரோடு பேசிய உரையாடல், எந்த மேசையில், யார் முதலில் சிரித்தார், சிரிக்காமல் இருந்திருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பத்தி சேர்த்து எழுதுங்கள். இரண்டு தோழிகள் மொட்டைமாடியில் பேசுவதைப் பதிவு செய்து பாருங்கள். ஒருவர் பேச்சில் ஒருவர் குதிப்பார்கள், வாக்கியத்தை இவள் தொடங்கி அவள் முடிப்பாள், யார் முதலில் சிரித்தார்கள் என்று பிரிக்கவே முடியாது. அந்தப் பதிவிலிருந்து கற்றிருந்தால் எரிகா வேறு மாதிரி சிரித்திருப்பாள்.

எரிகாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த நான்கு நடிகைகளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பதிவு முடிந்து வெளியே வந்து, அன்று எதிரில் உட்கார்ந்தவர்களைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை யாரும் பதிவு செய்யவில்லை.